எட்டாம் படிக் கீரி

இந்தப் பை உங்க காலுல இடிக்கா அண்ணாச்சி? இடிச்சாச் சொல்லுங்க, மடியில தூக்கி வச்சுக்கிடுதேன். உள்ள இட்லிக் கொப்பரையும் ஒரு டேபிள் ஃபேனும் இருக்கு. கொஞ்சம் கனம்தான். நான் கோவில்பட்டி வரைக்கும். நீங்க? மதுரையா. சரி, அப்போ கோவில்பட்டி வர்ற வரைக்கும் என் பேச்சக் கேட்டுத்தான் ஆகணும், வேற வழி கிடையாது. ஜன்னல் சீட்டு வேற உங்களுக்கு. காத்து வாங்குறதுக்கு வாடகைன்னு வச்சுக்கிடுங்க.

ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கீரி வளத்திருக்கியளா?

சிரிக்கியளே! நான் வளத்தேன் அண்ணாச்சி. மூணு வருஷம். முதல் படியில இருந்து எட்டாம் படி வரைக்கும் பாத்துப் பாத்து வளத்தேன். வளத்த கீரி கடைசியில எனக்கு என்ன செஞ்சுச்சுன்னு கேட்டா, உங்களுக்கே பொறுக்காது.

அய்யய்யோ, கண்டக்டரக் கூப்பிடாதீங்க. வனத்துறைக்குக் கினத்துறைக்குச் சொல்லி வச்சிராதீங்க. அது நெசக் கீரி இல்ல. வெளையாட்டுக் கீரி. காகிதத்துல உள்ள கீரி. இருங்க, இருங்க, கோட்டிக்காரன் பக்கத்துல உக்காந்துட்டோமேன்னு முழிக்காதீங்க. முதல்ல இருந்து சொல்லுதேன்.

எம்பேரு சிவசைலம். பாளையங்கோட்டையில சைக்கிள் சாமான் கடை. டயரு, டியூபு, செயினு, பெல்லு. கடை வச்சு இருபத்தஞ்சு வருஷமாச்சு. ஒரு நாள் ஜெஸிந்தான்னு ஒரு பிள்ளை கடைக்கு வந்துச்சு. காலேஜுல பாடம் எடுக்குற பிள்ளை. சிரிச்சா ரெண்டு கடை தள்ளிக் கேக்கும். "அண்ணாச்சி, பால்ரஸ் குண்டு நாப்பது குடுங்க, தேஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல"ன்னு கேட்டுச்சு. எந்த வண்டிக்குன்னு கேட்டேன். "வண்டிக்கு இல்ல அண்ணாச்சி, பூதப்படைக்கு"ன்னு சொல்லுது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நல்லாப் படிச்ச பிள்ளையாச்சே, என்ன ஆச்சோன்னு உக்கார வச்சு விசாரிச்சேன். அப்பத்தான் இந்த வெளையாட்டப் பத்திச் சொன்னா.

மேசையச் சுத்தி நாலு பேரு உக்காரணும். ஒருத்தர் கதைய நடத்தணும், மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம் கட்டணும். மேடை, மேக்கப்பு ஒண்ணும் கிடையாது. எல்லாம் வாயாலதான். "நான் இப்போ கதவ ஒடைக்கேன்"னு சொல்லணும். சொல்லிட்டு இருபது முகம் உள்ள ஒரு பகடைய உருட்டணும். பெரிய நம்பரு விழுந்தாக் கதவு ஒடையும், சின்ன நம்பரு விழுந்தா நம்ம தோள்பட்டை ஒடையும். அம்புட்டுதான். செயிக்கச் செயிக்க ஒவ்வொரு படியா மேல ஏறலாம். ஜெஸிந்தா பெங்களூர்ல இருந்தப்போ கத்துக்கிட்டாளாம். என் கடைக்கு எதிர்த்தாப்ல உள்ள மாடியறையில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆடுவோம்னு சொன்னா. போனேன். மொத நாளே என் கடைச் சாமான வச்சே மேசைய நெறைச்சுட்டேன். பால்ரஸ் குண்டெல்லாம் பூதம். ஸ்போக்குக் கம்பி கோட்டைச் சுவரு. நான் ஒரு பெல் மூடி. பளபளன்னு இருக்கும். என் கீரி ஒரு டியூப் வால்வு மூடி. கறுப்பா, சுண்டுவெரல் நுனி அளவுக்கு.

எனக்கு வேடன் வேஷம். வேடனுக்கு ஒரு துணைமிருகம் உண்டு. ஓநாய் வேணுமா, கரடி வேணுமான்னு கேட்டா ஜெஸிந்தா. எதுக்கு வீண் ஆர்ப்பாட்டம், கீரி குடு, சின்ன வயிறுன்னு சொன்னேன். இந்தத் துணைமிருகத்துக்குச் சில சட்டம் இருக்கு, அத மட்டும் கவனமாக் கேட்டுக்கிடுங்க. எசமான் ஒரு படி ஏறுனா அதுவும் கூடவே ஒரு படி ஏறும். எசமான் சொன்னாத்தான் எதையும் செய்யும். பேசாது. எட்டாம் படிக்கு வந்தாத்தான் அதுக்குப் புத்தி தெளிஞ்சு வாய் தொறக்கும். அன்னைக்கு அதுவா முடிவு பண்ணலாம், எசமான்கூட இருக்கவா, இல்ல தன் வழியப் பாத்துப் போகவான்னு.

இதுக்கு மேல ஜெஸிந்தா தன் சொந்தச் சட்டம் ஒண்ணு சேத்தா. ஒவ்வொரு வாரமும் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னால, என் மிருகத்துக்கு இன்னது தீனி வச்சேன், இன்ன இடத்துல படுக்க வச்சேன்னு எசமான் வாயத் தொறந்து சொல்லணுமாம். மறந்தா?ன்னு கேட்டேன். "மறந்தா அது தன் பாட்டத் தானே பாத்துக்கிடும் அண்ணாச்சி"ன்னா. நல்லதாப் போச்சு. தன் பாட்டத் தானே பாத்துக்கிடுற மிருகந்தான எனக்கும் வேணும்!

எங்ககூட பிச்சுமணின்னு ஒருத்தர் ஆடுவாரு. மருந்துக் கம்பெனி ரெப்பு. அவருக்கு மந்திரவாதி வேஷம், துணைக்கு ஒரு காக்கா. அந்தக் கொடுமைய என்னன்னு சொல்ல! வாரா வாரம் அவரு காக்காவுக்குத் தீனி சொல்லுறதுலயே கால் மணி நேரம் போயிரும். "பருப்புச் சோறு நல்லாக் கொழைய வடிச்சு, நெய் விட்டு, உருண்டை புடிச்சு..." யோவ், அது காகிதக் காக்கா வேய்! நான் அந்த நேரத்துல கீழ எறங்கிப்போய் ஒரு டீ குடிச்சுட்டு வந்துருவேன். ஜெஸிந்தா "அண்ணாச்சி, கீரிக்கு?"ம்பா. "அதெல்லாம் ஆச்சு ஆச்சு, கதைய ஆரம்பி"ம்பேன். நோட்டுல என்னமோ குறிச்சுக்கிடுவா.

இப்போ எம் பொண்டாட்டி இதுக்குள்ள எப்படி வந்தான்னு சொல்லணும். உலகம்மைன்னு பேரு. கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷம். தபாலாபீஸ்ல கவுண்டர்ல இருந்தா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு கட்டிக்கிட்டு மாடிக்கு வருவா. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மூலையில ஒரு ஸ்டூல்ல உக்காந்து வேடிக்கை பாப்பா. ஒரு வாரம் எனக்கு வெரலு செயினுல மாட்டி நசுங்கிப் போச்சு. எனக்கு ஒண்ணு, கீரிக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவ பகடைய உருட்ட முடியல. "அக்கா, நீங்க கீரிக்கு உருட்டுங்களேன்"னு ஜெஸிந்தா கூப்பிட்டா. நானும் சரின்னேன். உருட்டுறதுக்கு எதுக்கு மூளை? நான் சொல்லுவேன், அவ உருட்டுவா. வீட்டுலயும் அப்படித்தான, பழகுன கை.

மொத நாளே ஒரு கேள்வி கேட்டா. "கீரிக்கு ஏதாச்சும் சொல்லணும்னு தோணுச்சுன்னா என்ன செய்ய?"

"கீரி பேசாது உலகு"ன்னேன்.

"எட்டாம் படி வந்தா?"

"அது வரும்போது பாத்துக்கிடுவோம்"னேன். அவ தலையாட்டிட்டு வால்வு மூடிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் அந்த மூடிய வேற யாரும் தொடல.

அட, கங்கைகொண்டான் தாண்டியாச்சா? பேச்சு சுவாரசியத்துல தெரியல பாத்தியளா.

கீரி வளந்த வளர்த்தி இருக்கே அண்ணாச்சி! அத நான் பெருமையாத்தான் சொல்லுவேன். கொள்ளைக்காரன் கோட்டைக்குள்ள எங்களப் புடிச்சுப் போட்டுட்டான். பிச்சுமணி மந்திரம் பலிக்கல. நான் நிலவரத்த நல்லாக் கவனிக்கணும்னு ஒரு பீப்பாய்க்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டேன். தலைவன்னா ஒதுங்கி நின்னு யோசிக்கணும் இல்லையா? பீப்பாய்க்குள்ள இருந்து "கீரி, சாவிய எடுத்துட்டு வா"ன்னு கட்டளை போட்டேன். உலகு உருட்டுனா. பத்தொம்போது! காவக்காரன் இடுப்புல இருந்து சாவி வந்துட்டு. "அடுத்து என்ன அண்ணாச்சி?"ன்னு ஜெஸிந்தா கேட்டா. "கதவத் தொற"ன்னேன். தொறந்துட்டு. வெளிய வந்து பாத்தா, காவக்காரனோட நாயையும் கட்டிப் போட்டிருக்கு. "அது நான் சொல்லலையே"ன்னேன். "சாவி எடுக்க வழியில நாய் கெடந்துச்சு, அதான்"னா உலகு. பாருங்க, ஒண்ணு சொன்னா ரெண்டு செய்யும். எல்லாம் நம்ம பழக்கம்.

வாரா வாரம் ஒரு புது வித்தை. நீந்தும். செவுரு ஏறும். மோப்பம் புடிக்கும். இருட்டுல கண்ணு தெரியும். பிச்சுமணி காக்கா அதே படியில இருந்துக்கிட்டு அவரு தோளுல உக்காந்து தூங்கி விழும். "என்னவே சைலம், உம்ம கீரி மட்டும் எப்படி வே இப்படி?"ன்னு அவரு கேப்பாரு. "வளக்குற கை அப்படி"ம்பேன். கடைக்கு வாரவன்கிட்டயெல்லாம் சொல்லுவேன். பஞ்சர் ஒட்ட வந்தவன்கூட என் கீரியோட வீரப் பிரதாபம் கேக்காமப் போனது கிடையாது.

உலகும் அப்படித்தான், சொல்ல மறந்துட்டேன். ஒரு நாள் நல்ல மழை, ஆபீஸ் வாசல்ல நில்லு நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். கடையில ஒரு லோடு வந்துச்சா, அசந்துட்டேன். நனைஞ்சுக்கிட்டே வந்தா. அடுத்த மாசமே ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கிட்டா. ஒரு தடவ அவளுக்குக் காய்ச்சல் வந்தப்போ, நான் எந்திரிக்கதுக்குள்ள அவளே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுட்டு, வர்ற வழியில எனக்கு இட்லியும் வாங்கிட்டு வந்துட்டா. கெட்டிக்காரி. கீரிக்கும் அவளுக்கும் கைராசி ஒண்ணுபோல.

ஆறாம் படியில ஒரு அஞ்சுதலைப் பாம்பு வந்துச்சு. கீரி இருக்கும்போது எனக்கு என்ன பயம்? "கடி!"ன்னு சொல்லிட்டு நான் பாறைக்குப் பின்னால போயிட்டேன். கடிச்சுச்சு. அஞ்சு தலையும் அறுந்து விழுந்துச்சு. ஆனா கீரிக்கு உயிரு ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம். எனக்கும் பாறையில உரசி முழங்கையில சிராய்ப்பு. கைவசம் ஒரு குப்பி மருந்துதான் இருந்துச்சு. எடுத்து நான் குடிச்சுட்டேன். பிச்சுமணி என்ன ஒரு மாதிரிப் பாத்தாரு. "என்னவே பாக்கீரு? தலைவன் தெம்பா இருந்தாத்தான கூட்டம் தெம்பா இருக்கும்?"னு கேட்டேன். உலகு ஒரு வார்த்தை பேசல. வால்வு மூடியக் கையில உருட்டிக்கிட்டே இருந்தா. கீரி எப்படிப் பேசும்? பேசாதுல்லா.

இப்போத்தான் விசயத்துக்கு வாரேன். இந்த வருஷத் தொடக்கத்துல உலகுக்கு ஒரு ஆர்டர் வந்துச்சு. ஏதோ டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதியிருக்கா. எப்போப் படிச்சா, எப்போ எழுதுனா, எனக்கு ஒண்ணும் தெரியாது. பாஸாயி, கோவில்பட்டிப் பக்கத்துல ஒரு தபாலாபீஸுக்கு போஸ்ட் மாஸ்டராப் போட்டிருக்காவ. இதுக்கு முன்னால ரெண்டு தடவ பிரமோஷன் வந்து, வேண்டாம்னு எழுதிக் குடுத்தவதான். அப்பவும் நான்தான் சொன்னேன், அடுத்த தடவ பாப்போம்னு. ஞாயமாச் சொல்லுங்க அண்ணாச்சி, அவ போயிட்டா யாரு சமைக்க, யாரு வீட்டப் பாக்க? இந்தத் தடவ வேண்டாம்னா இனிமே வாய்ப்பே கிடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாவளாம். திங்கக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும். அவளுக்கு எதுக்குச் செரமம்னு மறுப்புக் கடுதாசிய நானே எழுதிட்டேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக"ன்னு அழகா எழுதி, கீழ கையெழுத்துக்கு மட்டும் எடம் விட்டுக் குடுத்தேன். வாங்கி மடிச்சு சாப்பாட்டுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. 

அந்தத் திங்கக்கிழமைக்கு மொத நாள், ஞாயித்துக்கிழமைதான் நாங்க எட்டாம் படி ஏறுனது.

என்னத்தச் சொல்ல, அன்னைக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு மாடியறை. ஜெஸிந்தா கேக்கு வாங்கிட்டு வந்திருந்தா. மொதல்ல பிச்சுமணி காக்கா. "காக்காவுக்குப் புத்தி தெளிஞ்சுட்டு, மொத வார்த்தை என்ன?"ன்னு கேட்டா. பிச்சுமணி ரொம்ப யோசிச்சு, தொண்டையக் கனைச்சு, காக்காக் குரல்ல "இன்னும் கொஞ்சம் நெய்"ன்னாரு. எல்லாரும் கையத் தட்டுனோம். காக்கா அவரு கூடவே இருக்கும்னு முடிவாச்சு.

அடுத்தது என் கீரி. ஜெஸிந்தா நோட்ட எடுத்தா. "அக்கா, கீரி எப்படி வளந்துச்சுன்னு வாசிக்கட்டுமா?"ன்னா. வாசி வாசின்னு நான்தான் சொன்னேன். என் பெருமைய நாலு பேரு கேக்கட்டுமேன்னுதான். வாசிக்கா அண்ணாச்சி: "தீனி சொல்லாத வாரம், கீரி தானா வேட்டையாடக் கத்துக்கிட்டுது. தீனி சொல்லாத வாரம், செவுரு ஏறக் கத்துக்கிட்டுது. படுக்க எடம் சொல்லாத வாரம், இருட்டுல கண்ணு தெரியப் பழகிக்கிட்டுது. எசமான் மருந்தக் குடிச்ச அன்னைக்கு, தன் காயத்துக்குத் தானே மூலிகை தேடக் கத்துக்கிட்டுது." மூணு வருஷத்துல ஒரு வாரங்கூட நான் தீனி சொல்லலையாம். அப்படிச் சொல்லாத ஒவ்வொரு வாரத்துக்கும் கீரிக்கு ஒரு வித்தை கூடியிருக்கு. பிச்சுமணி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்காரு.

நான் விடல. "இதுல என்ன தப்பு? நான் அப்படி விட்டதாலதான வளந்துச்சு? நெய்ச்சோறு ஊட்டியிருந்தா இந்நேரம் அந்தக் காக்கா மாதிரித்தான் கெடந்திருக்கும். அப்போ பெருமை யாருக்கு?"ன்னு கேட்டேன். சொல்லுங்க, ஞாயமான கேள்விதான? பிச்சுமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. என்ன அண்ணாச்சி, நீங்களும் வெளிய வேடிக்கை பாக்கியளே. காத்தாலை சுத்துறத அப்புறம் பாக்கலாம், இதக் கேளுங்க.

ஜெஸிந்தா சொன்னா: "கீரிக்குப் புத்தி தெளிஞ்சுட்டு. இனிமே பேசலாம். மொத வார்த்தை என்ன அக்கா?"

உலகு வால்வு மூடிய எடுத்து என் பெல் மூடிக்கு நேருக்கு நேரா வச்சா. என்னப் பாத்தா.

"எசமானே, எனக்குப் பசிக்கி"ன்னா.

நான் சிரிச்சுட்டேன். "எட்டாம் படிக் கீரிக்குப் பசியா? போயி ஒரு பாம்பப் புடிச்சுத் தின்னு"ன்னேன்.

"மூணு வருஷமாப் புடிச்சுத்தான தின்னேன்? புடிச்சுப் புடிச்சுப் பெரிய மிருகமா ஆயிட்டேன். இப்போ இந்தக் காடு எனக்குப் பத்தல எசமானே. நான் வடக்க போறேன்."

"கோவமா கீரி?"ன்னு கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. வெளையாட்டுல யாராவது கீரிகிட்டக் கோவமான்னு கேப்பாங்களா?

"கோவம் இருந்தா ஆறாம் படியிலயே கடிச்சிருப்பேன். பாறைக்குப் பின்னாலதான இருந்தீங்க, தூரமா என்ன?"ன்னா. பிச்சுமணி டீயச் சட்டையில கொட்டிக்கிட்டாரு. உலகு சிரிக்கல. "நீங்களும் கூட வாரதுன்னா வாங்க. ஆனா முன்னால நான் போவேன். தீனியும் நான் வைக்க மாட்டேன், அவங்கவங்க பாட்ட அவங்கவங்க பாத்துக்கிடணும்."

நான் ஜெஸிந்தாவப் பாத்தேன். "ஏம்மா, சட்டத்துல இதுக்கெல்லாம் எடம் இருக்கா?"ன்னேன். அவ நோட்ட அங்கயும் இங்கயும் பொரட்டிட்டு, "எசமான் துணையாப் போகலாம் அண்ணாச்சி, தடை ஒண்ணும் இல்ல. ஆனா மறுபடியும் முதல் படியில இருந்து தொடங்கணும்"னா. அவளே அந்த நிமிசம் கட்டுன சட்டம், சத்தியமாச் சொல்லுதேன்.

புதுத் துணையோட பேரு, படி, வித்தை எல்லாம் எழுத ஒரு தாள் வேணும்னா. உலகு சாப்பாட்டுப் பைக்குள்ள கைய விட்டா. மடிச்சு வச்சிருந்த என் கடுதாசிய எடுத்தா. அப்பாடா, கையெழுத்துப் போடப் போறான்னு நெனச்சேன். திருப்பிப் போட்டா அண்ணாச்சி! பின்பக்கம் வெள்ளையாத்தான இருந்துச்சு. ஜெஸிந்தாகிட்டப் பேனா வாங்கி, எந்திரிச்சு நின்னுக்கிட்டே எழுதுனா. "துணைமிருகம். பேரு சிவசைலம். இனம் மனுசன். படி ஒண்ணு. தெரிஞ்ச வித்தை"ன்னு எழுதிட்டு, கொஞ்ச நேரம் யோசிச்சா. யோசிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் அந்த எடத்த அப்படியே விட்டுட்டா.

திங்கக்கிழமை காலையில ஆபீஸுக்குப் போயி, அந்த வேலைக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டா. பத்தே நாள்ல பெட்டியக் கட்டிட்டா.

ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு. அழுதேன் அண்ணாச்சி, ஒங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன? அந்தக் கீரிய நெனச்சு நெனச்சு அழுதேன். மூணு வருஷம் கூட இருந்த மிருகமாச்சே. கீரிய நெனச்சுத்தான், வேற எதுக்கு அழப் போறேன்?

இப்போ அஞ்சு மாசம் ஆச்சு. ஆட்டம் நிக்கல. ஒரு வாரம் அவ பாளையங்கோட்டைக்கு வருவா, ஒரு வாரம் நாங்க கோவில்பட்டிக்குப் போவோம். நாளைக்குக் காலையில ஜெஸிந்தாவும் பிச்சுமணியும் வந்துருவாவ. இப்போ மேசையில வால்வு மூடி முன்னால போகுது, பெல் மூடி பின்னால உருளுது. கட்டளை எல்லாம் கீரிதான் போடும். ஆட்டம் தொடங்கும்போது ஜெஸிந்தா கேப்பா, "அக்கா, உங்க துணைக்கு என்ன தீனி வச்சீங்க?"ன்னு. உலகு சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுவா, ஒண்ணும் வைக்கலன்னு. பாத்தியளா அநியாயத்த? நான் மறந்துபோயித்தான் கீரியப் பட்டினி போட்டேன். இவ நெனவா வச்சுப் போடுதா. எது பெரிய குத்தம், நீங்களே சொல்லுங்க.

மொத மாசம் கிளப்புக் கடையில சாப்பிட்டேன். வயிறு கெட்டுப் போச்சு. சரின்னு ரசம் வச்சுப் பாத்தேன். நாலு தடவ தண்ணி மாதிரி வந்துச்சு, அஞ்சாவது தடவ ரசம் மாதிரி வந்துச்சு. ஜெஸிந்தா என் தாள்ல குறிச்சுட்டா, "தீனி வைக்காத வாரம், ரசம் வைக்கக் கத்துக்கிட்டுது"ன்னு. அப்புறம் துணி காயப்போட. அப்புறம் மாவு பொங்காம எடுத்து வைக்க. காலியா விட்டிருந்தாள்லா ஒரு எடம், அங்கதான் எழுதுதா. வித்தை கூடிக்கிட்டேதான் போகுது. ஆனா படி மட்டும் ஏற மாட்டேங்கு! அதுதான் அண்ணாச்சி என் மனக்கொறையே. அஞ்சு மாசமா முதல் படியிலயே நிக்கேன். பிச்சுமணி காக்காவுக்குக்கூட ஒம்பதாம் படி வந்துட்டு. அந்தக் காக்கா என்னப் பாத்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கு.

என்னம்மா செய்யணும்னு ஜெஸிந்தாகிட்டக் கேட்டேன். "மனுசத் துணைக்குச் சட்டம் வேற. அது படி ஏறணும்னா, யாரும் சொல்லாம அதுவா எசமானுக்கு ஒரு காரியம் செய்யணும் அண்ணாச்சி"ன்னா. நான் செய்யலையா? பால் குக்கரு தூக்கிட்டுப் போனேன். அது அவ சொல்லிச் செஞ்சதாம், கணக்கில்லையாம். கேஸ் அடுப்பு சுமந்தேன். அதுவும் சொல்லிச் செஞ்சதாம். இந்த ஃபேனு இட்லிக் கொப்பரை எல்லாம் அவ லிஸ்டுல உள்ளது. சொல்லாமலே என்னன்னு தெரிஞ்சு செய்யுறது? ஆட்டத்துல ஒரு தடவ வீரமா முன்னால பாஞ்சு ஒரு பூதத்த அடிச்சேன். அது பூதம் இல்லையாம், எங்களுக்கு வழி காட்ட வந்த ஆளாம். ரெண்டு புள்ளி கொறைச்சுட்டா.

கயத்தாறு எப்பவோ போயிட்டே! அந்தா தெரியுது பாருங்க, கோவில்பட்டி வந்துட்டு. இருங்க, போனு அடிக்கி. அவதான். கொஞ்சம் இந்தப் பையப் புடிச்சுக்கிடுங்க.

ஏ, உலகு. வந்துட்டேன். பைபாஸ்ல ஏறியாச்சு. ஆமா, கொப்பரை இருக்கு. ஃபேனும் இருக்கு, ரெக்கைய நியூஸ்பேப்பர்ல சுத்தியிருக்கேன். நான் சாப்பிட்டேன், கிளம்பும்போதே ரசஞ்சோறு. ஏன் கொரலு கம்மிப் போயிருக்கு? இன்னைக்குக் கூட்டமா? மணி ரெண்டரை ஆச்சே, நீ சாப்பிட்டியா?

...உலகு? ஏ உலகு. கேக்கா? லைன் போச்சா?

...இல்ல, இருக்கேன். யாரும் சொல்லித் தரல. பக்கத்துல ஒரு அண்ணாச்சி இருக்காவ, அவுக வாயே தொறக்கல, வேணும்னா கேட்டுப் பாரு. நானாத்தான் கேட்டேன். எதுக்குச் சிரிக்க? அழுவுதியா? சிரிக்கியா, அழுவுதியா, ஒண்ணச் சொல்லு. ...என்னது? ஜெஸிந்தாகிட்டச் சொல்லணுமா? எத? ...ரெண்டாம் படியா? நெசமாவா? சரி சரி, வை, எறங்கப் போறேன்.

அண்ணாச்சி! கேட்டியளா? ரெண்டாம் படி ஏறிட்டேனாம்! நான் ஒண்ணுமே செய்யலையே. உங்க முன்னாலதான பேசுனேன், சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டேன், அம்புட்டுதான? அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு படியா?

பையக் குடுங்க. வழி விடுங்க, எறங்கிக்கிடுதேன். அட, இது முன்னாலயே தெரிஞ்சிருந்தா இருபத்திரெண்டு வருஷமா தெனமும் கேட்டிருப்பேனே அண்ணாச்சி!